மறு: நவம்பரில் அணியும் பாப்பிப் பூவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'கசகசாப் பூ' என்றே போடலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

வேண்டாம் என்பேன். கசகசாவும் அபினும் தருவது ஒரே செடி. போரில் இறந்தவர்களின் நினைவாகப் பிரித்தானியர் நவம்பரில் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூ அதன் இனச்செடி ஒன்றினுடையது. ஐரோப்பிய வயல்களில் தானாக முளைப்பது. கிளறிய மண்ணில்தான் அதன் விதை செழித்து எழும். முதல் உலகப் போரில் குண்டுகள் புரட்டிப்போட்ட, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் நிலத்தில் அது செக்கச்செவேலென்று பூத்தது அப்படித்தான். 1915 மே மாதம் அங்கே ஈப்பர் நகருக்கு அருகே நண்பரைப் பறிகொடுத்த கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே அந்தப் பூவைக் கவிதையில் வைத்தார். அதைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் 1918இல் பூவை அணியத் தொடங்கினார். 1921இல் முன்னாள் படையினரின் அமைப்பான பிரித்தானிய லீஜியன் அதை விற்று, போரிலிருந்து திரும்பியோருக்கு நிதி திரட்டியது. அடுத்த ஆண்டே, போரில் உறுப்பிழந்தவர்கள் காகிதத்திலும் துணியிலும் பூச்செய்யும் தொழிற்கூடம் லண்டனில் தொடங்கியது.

> 'வீரமலர்' எடுப்பாக இருக்கிறது.

எடுப்பாக இருப்பதால்தான் தயங்குகிறேன். அந்தப் போரில் மாண்டவர்களில் பலர், 1916இல் பிரிட்டன் கொண்டுவந்த கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர்கள். அவர்களை நினைப்பது வேறு, போரைப் புகழ்வது வேறு. இந்த வேறுபாட்டை வலியுறுத்தித்தான் 1933இல் கூட்டுறவு மகளிர் சங்கத்தார் வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தார்கள். சிவப்பை அணிகிறவர் எல்லோரும் போரை ஆதரிப்பவர் அல்லர். அணியாதவர் எல்லோரும் இறந்தவர்களை மதியாதவரும் அல்லர். 'வீரம்' என்று சேர்த்தால், அந்தத் தீர்ப்பை வாசகருக்கு முன்பே நாம் எழுதிவிடுகிறோம்.

இலங்கை வரலாற்றை எழுதும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகும். பிரித்தானிய ஆட்சியிலிருந்த இலங்கையில் பாப்பி விற்ற பணத்தில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போகிறது, உள்ளூர் முன்னாள் படையினருக்குக் கிடைப்பதோ சொற்பம் என்ற மனக்குறையில்தான் 1930களின் தொடக்கத்தில் சூரியமல் இயக்கம் பிறந்தது. முதல் உலகப் போர் ஓய்ந்த நாளாகப் பாப்பி அணியும் அதே நவம்பர் 11 அன்று, அதற்குப் போட்டியாகப் பூவரசம்பூவை (சிங்களத்தில் 'சூரியமல்') விற்றார்கள். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே வளர்த்தார்கள். அவர்கள் 'வீரமலரை' எதிர்த்தார்கள் என்று எழுதினால் பொருள் எங்கோ போய்விடும்!

> செங்காந்தள்?

அது வேறு செடி. அதோடு, ஈழத்தமிழருக்குக் கார்த்திகைப்பூவாக அதற்கென்று ஒரு நவம்பர் நினைவு இருக்கிறது. இரண்டையும் குழப்பக்கூடாது.

என் முன்மொழிவு 'நினைவுப் பாப்பி'. பூவின் பெயர் பெயராகவே இருக்கட்டும். எதற்கு அணிகிறார்கள் என்பதை 'நினைவு' சொல்லிவிடுகிறது. வெள்ளைக்கு 'வெண்பாப்பி', செடிக்கு 'வயற்பாப்பி'. இலங்கைச் செய்திகளில் 'பொப்பி மலர்' ஏற்கெனவே வழங்குவதால் 'நினைவுப் பொப்பி'யையும் இணைச்சொல்லாகப் பதியலாம்.

கூடவே இன்னொன்று. 'ராணுவ சேவை' என்பதற்கு 'நாட்டுத்தொண்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'படைப்பணி' போதும். அதைச் செய்தவர் 'முன்னாள் படையினர்'. பெண்களும் அதில் அடங்குவர்.

யாழ்ப்பாணத்து, கொழும்புப் பழைய நாளிதழ்களைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் 1930களில் எந்தச் சொல் புழங்கியது என்று தேடிச் சொன்னால், இச்சொல்லின் பதிவை இறுதி செய்யுமுன் சேர்த்துக்கொள்ளலாம்.