மாலிப்டினம் ஏற்றிய ஜியோலைட்டில் அமில மையங்கள் குறைவது செயல்திறன் இழப்பா?

கேள்வி: ஆய்வு மாணவி, காலாப்பட்டு, புதுச்சேரி

வணக்கம். ஆக்சிஜன் சேர்க்காமல் மீத்தேனை நேரடியாகப் பென்சீனாக்கும் வினைக்காக, சிலிக்கான்–அலுமினியம் விகிதம் 15 உள்ள இசட்.எஸ்.எம்-5 ஜியோலைட்டில் (சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சட்டகத்தில் நுண்துளைகள் கொண்ட திண்மம்) எடையளவில் 5 விழுக்காடு மாலிப்டினம் ஏற்றியுள்ளேன். காவிரிப் படுகையின் எரிவாயு காரைக்கால் பக்கம் கிடைக்கும்போது, அதை எரிப்பதைவிட மதிப்புள்ள பொருளாக்க வழி தேட வேண்டும் என்ற ஆர்வமே என்னை இதில் இறக்கியது. அமில மையங்களில் ஒட்டிக்கொள்ளும் காரமான பிரிடினை உறிஞ்சவைத்து எடுத்த அகச்சிவப்பு நிறமாலையில், பிரான்ஸ்டெட் (புரோட்டான் தரும்) அமில மையங்களைக் காட்டும் 1545 செ.மீ⁻¹ பட்டை, மாலிப்டினம் ஏற்றிய பின் 40 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் 700 பாகை செல்சியஸில் பென்சீன் நன்றாகவே உருவாகிறது. வினை முடிந்து வெளியே எடுத்த மாதிரியின் எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலை) அளவீட்டிலோ மாலிப்டினம் +6 நிலையில்தான் இருக்கிறது, செயல் மையமாகக் கருதப்படும் மாலிப்டினம் கார்பைடு தென்படவில்லை. அப்படியானால் செயல் மையம் என்று நான் எதைக் குறிப்பிடுவது?

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கடலூர்

அம்மா, முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விகிதம் 15 என்றால் ஒரு கிராம் ஜியோலைட்டில் ஏறத்தாழ 1.04 மில்லிமோல் அலுமினியம் இருக்கும். 5 விழுக்காடு மாலிப்டினம் என்பது ஏறத்தாழ 0.52 மில்லிமோல். கால்சினேஷனின்போது (காற்றில் உயர் வெப்பத்தில் சுடும்போது) மாலிப்டினம் ஆக்சைடு துளைகளுக்குள் பரவி, அமில மையத்தின் புரோட்டானை நீக்கிவிட்டு அந்த இடத்திலேயே நங்கூரமிடுகிறது. ஒரு மாலிப்டினம் ஒரு புரோட்டானை நீக்கினால் பாதி மையங்கள் குறையும். அருகருகே உள்ள இரண்டு அலுமினியங்களைப் பற்றிக்கொண்டால் முழுவதுமே மறையும். உங்களுடைய 60 விழுக்காட்டு இழப்பு இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு மாலிப்டினத்துக்கு 1.2 புரோட்டான் என்ற அளவில் அமைகிறது. ஆகவே இது அழிவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. மாலிப்டினம் நன்றாகப் பரவியதன் அடையாளமாகவே இருக்கலாம்.

ஆனால் பிரிடினை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். துளையின் அகலம் 0.55 நானோமீட்டர் அளவே என்பதால், வாயிலில் மாலிப்டினம் அமர்ந்துவிட்டால் உள்ளே மீந்திருக்கும் மையங்களைப் பிரிடின் எட்டாமல் போகக்கூடும். எனவே பிரிடின் செலுத்துவதற்கு முன்பே அமில மையத்தின் ஓ-எச் பிணைப்பையே காட்டும் 3610 செ.மீ⁻¹ பட்டையைப் பதிவு செய்து, சிறிய மூலக்கூறான அம்மோனியாவையும் கொண்டு ஒப்பிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஜியோலைட் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். அளவீட்டுக்காக மாதிரியை அழுத்திச் செய்த வில்லையை வெற்றிடத்தில் சுமார் 400 பாகையில் உலர்த்தாமல் அந்தப் பட்டையைப் பார்ப்பதில் பயனில்லை.

பதில்: பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றுபவர், கடலூர் சிப்காட்

கார்பைடு தென்படாததற்குக் காரணம் காற்றாக இருக்கும் என்றே கருதுகிறேன். வினையின் தொடக்கத்தில் மீத்தேன் ஆக்சைடை ஒடுக்குகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடும் கார்பன் டையாக்சைடும் நீராவியும் வெளியேற, பென்சீன் சற்றுத் தாமதித்தே வருகிறது. அவ்வாறு உருவாகும் நுண்ணிய கார்பைடுத் துகள்கள் காற்றுப் பட்டவுடன் மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். கலத்தைத் திறந்து எடுத்த மாதிரி அவற்றைக் காட்டாது. நிறை நிறமாலைமானியை வினைக்கலத்தின் வெளியேறு குழாயில் இணைத்து, தொடக்கத்தில் இவ்வாயுக்களாக வெளியேறும் ஆக்சிஜனைக் கணக்கிட்டால், ஒரு மாலிப்டினம் அணு எத்தனை ஆக்சிஜனை இழந்தது என்பது தெரிந்துவிடும். வினை நடக்கும்போதே எக்ஸ்-கதிர் உட்கவர்தல் அளப்பது இதனினும் சிறந்தது. மாலிப்டினத்தின் கே-விளிம்பு (உட்கவர்தல் திடீரென உயரும் ஆற்றல்) 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருப்பதால், இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் (செறிந்த எக்ஸ்-கதிர் தரும் எலக்ட்ரான் முடுக்கி) நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பதில்: ஆய்வு மாணவி

மிக்க நன்றி ஐயா, நன்றி நண்பரே. அலுமினியம் சட்டகத்தை விட்டு வெளியேறவில்லை என்பதை அலுமினியம்-27 திண்ம நிலை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மூலம் உறுதி செய்யலாமா?

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கடலூர்

அவசியம் செய்யுங்கள். சட்டக அலுமினியம் 55 பி.பி.எம். அருகிலும், வெளியேறியது 0 அருகிலும், அலுமினியம் மாலிப்டேட் -14 அருகிலும் தெரியும். கடைசி உச்சி தோன்றினால் கால்சினேஷன் வெப்பம் அதிகமாகிவிட்டது என்று கொள்ளுங்கள். இந்த அளவீட்டுக்கு மட்டும் மாதிரி ஈரமாக இருப்பதே நல்லது. உலர்ந்த நிலையில் உச்சிகள் அகன்று, அலுமினியத்தின் ஒரு பகுதி கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.