குளிரறை மின்செலவு: கம்ப்ரசரை மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி
வணக்கம். ஒரு குளிரறை, உறைபொருள்களுக்கான ஓர் அறை, கதவில்லாத காட்சிப் பெட்டிகள் நான்கு ஆகியவை என் பொறுப்பில் உள்ளன. வெயில் காலத்தில் கம்ப்ரசர்கள் ஓய்வின்றி ஓடுகின்றன, மின்கட்டணமும் ஏறுகிறது. வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் புதிய கம்ப்ரசர் வாங்குமாறு அறிவுரை கிடைத்துள்ளது. அந்தப் பெருஞ்செலவுக்கு முன் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1
முதலில் கண்டென்சரை, அதாவது உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் பகுதியை, பாருங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான இடத்தில் விடுவதுதான் கம்ப்ரசரின் வேலை என்பதால், அவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடைவெளி கூடக்கூட அதே குளிர்ச்சிக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். ஒடுங்கும் வெப்பநிலையை (கண்டென்சரில் குளிர்பொருள் திரவமாகும் வெப்பநிலை) 1 டிகிரி செல்சியஸ் குறைத்தாலோ, ஆவியாகும் வெப்பநிலையை (குளிர்ந்த பக்கத்தில் அது ஆவியாகும் வெப்பநிலை) 1 டிகிரி உயர்த்தினாலோ ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் மிச்சமாகும். கண்டென்சர் தகடுகளில் தூசி அடைந்திருந்தாலும், அது வெளியேற்றிய சூடான காற்றே சுவரில் மோதித் திரும்பி வந்தாலும் அந்த இடைவெளி பெருகும்.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. ஆனால், உங்கள் பெரிய இழப்பு கதவில்லாத பெட்டிகளில்தான் இருக்கும் என்று கருதுகிறேன். அத்தகைய நிமிர்ந்த பெட்டிகளில் வெப்பச் சுமையின் (அகற்ற வேண்டிய வெப்பத்தின்) பெரும்பகுதி வெளிக்காற்று உள்ளே கலப்பதால் வருகிறது. கண்ணாடிக் கதவு பொருத்துவதே நல்ல தீர்வு. அதுவரை, இரவில் திரையை இறக்கி விடுங்கள். பொருள்களை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடுக்கினால் பெட்டியின் திறப்பை மறைத்து வீசும் குளிர்காற்றுப் படலமான காற்றுத்திரை உடைந்துவிடும் என்பதைப் பணியாளர்களுக்கும் சொல்லுங்கள். பெட்டிக்குள் சுழலும் பழைய வகை விசிறி மோட்டார்களையும் கவனியுங்கள்: அவை வாங்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிப் பெட்டிக்குள்ளேயே தங்குவதால், அதை அகற்றக் கம்ப்ரசர் மீண்டும் உழைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. உறை அறையில், குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் படியும் பனியை ஹீட்டரால் உருக்கும் பனி நீக்கம், கடிகார முறையில் நாளுக்கு 6 முறை நடக்கிறது. இது மிகையா?

மறுமொழி 3
எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. ஹீட்டர் இயங்கத் தொடங்கும்போது காயிலில் எவ்வளவு பனி இருக்கிறது என்று சில நாள்கள் நேரில் பாருங்கள். மெல்லிய படலம்தான் என்றால் ஒரு முறையைக் குறைத்து, ஒரு வாரம் கவனித்த பிறகு அடுத்ததைக் குறையுங்கள். பனி முழுதும் உருகியதும், நேரம் முடியும்வரை காத்திராமல், காயிலின் வெப்பநிலையைக் கொண்டு ஹீட்டர் நிற்கும்படி அமைப்பது அவசியம். காயிலில் பனி கனமாகவே இருந்தால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஈரக்காற்று நுழையும் வழி அதுவாக இருக்கலாம்.

கம்ப்ரசரைப் பற்றிய முடிவை இவற்றுக்குப் பிறகு எடுங்கள். இன்றைய சுமைக்கேற்ப வாங்கினால், சுமை குறைந்தபின் அது தேவைக்கு மிஞ்சியதாகிவிடும்.