ஜவ்வாது மலையில் பெண்கள் முகாம்: மழைன்னா தள்ளிப் போடணுமா?

காட்பாடி கலை:
வணக்கம். நவம்பர் இரண்டாம் வாரம் சனி, ஞாயிறு ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு இயற்கை முகாம் வைக்கிறோம். 14 பெண்கள், வயது 24-லிருந்து 61 வரை. இடம் தெரிஞ்சவங்களோட பட்டா நிலம். ஓட்டு வீடு ஒண்ணு இருக்கு, எட்டு பேர் படுக்கலாம், மத்தவங்க டென்ட்ல. வடகிழக்குப் பருவமழை நேரம்ங்கறதால பாதி பேர் "ஜனவரிக்குத் தள்ளிடலாம்"னு சொல்றாங்க. எனக்கு மழையிலேயே நடத்தணும்னுதான் ஆசை. எதை எல்லாம் சரியா செஞ்சா மழை தொந்தரவா இருக்காது?

மலையேறி:
தள்ளாதீங்க கலை. ஜவ்வாது மலை பச்சையா, ஓடையெல்லாம் தண்ணியோட இருக்கறது இப்பதான். ஆனா மழை வேற, ஆபத்து வேற. இதை 14 பேருக்கும் முதல்லயே பிரிச்சுச் சொல்லிடுங்க.

நம்ம பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர்ல சாயங்காலம் இடியோட கொட்டிட்டு நிக்கும். நவம்பர்ல காற்றழுத்தத் தாழ்வு வந்தா நாள் பூரா விடாம பெய்யும். வானிலை மையம் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தா நிகழ்ச்சியைச் சுருக்கிட்டுப் போகலாம். ஆரஞ்சுன்னா டென்ட் வேண்டாம், எல்லாரும் கட்டடத்துலதான் தங்கணும். உங்க வீட்டுல எட்டு பேருக்குத்தான் இடம், அதனால பக்கத்துல இன்னொரு கட்டடத்தை இப்பவே பேசி வைங்க. சிவப்புன்னா மறுபேச்சு இல்லாம தள்ளிப் போடுங்க. மலைப்பாதையில மண் சரியும், பாறை உருளும். 2021 நவம்பர்ல பாலாறு எப்படி ஓடுச்சுன்னு வேலூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மின்னல் தெரிஞ்சதும் எண்ணுங்க. 30 எண்றதுக்குள்ள இடி கேட்டா மின்னல் 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. உடனே வீட்டுக்குள்ளயோ, கதவு கண்ணாடி மூடின வேனுக்குள்ளயோ போயிடணும். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் வெளியே வரக் கூடாது. தார்ப்பாய், டென்ட், தனிப் புளியமரம் எதுவும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. போன்ல மின்னல் எச்சரிக்கை தர்ற தாமினி செயலி இருக்கட்டும், ஆனா மலையில சிக்னலை நம்ப முடியாது, எண்ணிக்கைதான் கை கொடுக்கும்.

பீமன் நீர்வீழ்ச்சிக்கு மழை நாள்ல இறங்காதீங்க. எந்த ஓடையா இருந்தாலும், உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சாலும், மேல மலையில பெஞ்ச தண்ணி பிறகுதான் வந்து சேரும். தண்ணி திடீர்னு செம்மண் கலங்கலாகறது, சருகும் குச்சியும் மிதந்து வர்றது, இரைச்சல் கூடறது, இந்த மூணுல ஒண்ணு தெரிஞ்சாலே கரையேறிடணும். செருப்பு கரையில கிடக்கேன்னு திரும்பக் கூடாது.

பட்டா நிலத்தைத் தாண்டி காட்டுக்குள்ள நடக்கணும்னா வனத்துறை அனுமதி முன்னாடியே வாங்கிடுங்க.

ஆம்பூர் வாசகி:
தார்ப்பாய் பத்தி நான் சொல்றேன். மழை முகாம்ல பாதி வெற்றி அதுலதான்.

14 பேர் பையோட உட்கார 18க்கு 24 அடி வேணும். சாரல் ஓரத்துல மூணு அடி தின்னுடும், அதனால சின்னது வாங்காதீங்க. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) இருந்தா காத்துக்குத் தாங்கும். ரெண்டு உறுதியான மரத்துக்கு நடுவுல 8 மில்லி கயிறை ஏழு அடி உயரத்துல இழுத்துக் கட்டி, அது மேல தார்ப்பாயைப் போட்டு ரெண்டு பக்கமும் சரிவா இறக்குங்க. காத்து வர்ற பக்கம் ஓரம் மூணு அடிக்குத் தாழ்ந்து இருக்கணும். கட்டறதுக்கு முன்னாடி மரத்தை அண்ணாந்து பாருங்க, பட்டுப்போன கிளை இருந்தா அந்த மரம் வேண்டாம்.

நைலான் கயிறு நனைஞ்சா நீளும். தார்ப்பாய் தொய்ஞ்சு நடுவுல தண்ணி தேங்கும், எடை கூடி ஒரு பக்கம் கிழியும். பாலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணி குடிக்காது, அதையே வாங்குங்க. எந்தக் கயிறானாலும் மழை ஆரம்பிச்ச அரை மணியில ஒரு தரம் இறுக்கணும்.

ஓரத்துல இருக்கற வளையத்துல மட்டும் கட்டினா பலத்த காத்துல பிய்ஞ்சுடும். எலுமிச்சை அளவு வழவழப்பான கூழாங்கல்லைத் தார்ப்பாய்க்கு அடியில வைச்சு, மேலேர்ந்து துணியோட சேர்த்துப் பிடிச்சு, கல்லோட கழுத்துல கயிறைச் சுருக்குப் போட்டுக் கட்டுங்க. இழுக்க இழுக்க இறுகும், துணி கிழியாது. இன்னொண்ணு: மழைத்தண்ணி மரத்துக்கு மரம் கட்டின முகட்டுக் கயிறு வழியாவே ஊர்ந்து உள்ள வரும். தார்ப்பாய் தொடங்கறதுக்கு ஒரு சாண் முன்னாடி, கயிறுல ஒரு துணி நாடாவை முடிச்சுப் போட்டுத் தொங்க விட்டா தண்ணி அங்கேயே சொட்டிடும்.

நனைஞ்ச செம்மண்ல சின்ன ஆணி நிக்காது. ஒரு அடி நீள முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சு அடிச்சு, மேல கனமான கல்லை வையுங்க. கேஸ் அடுப்பு தார்ப்பாய் ஓரத்துல, காத்தோட்டமா. டென்ட்டுக்குள்ள ஒருநாளும் பத்த வைக்கக் கூடாது.

சுக்குமல்லி:
உடம்பு விஷயம் யாராவது வெளிப்படையா எழுதணும், எழுதிடறேன்.

பருத்தி சுடிதார், ஜீன்ஸ் ரெண்டும் வேண்டாம். நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். பாலியஸ்டர் டிராக் பேன்ட், டிஷர்ட், பைக்கும் மேல மூடற மழைக்கோட்டு. துப்பட்டாவை வீட்டுலயே விட்டுடுங்க. ராத்திரிக்கு ஒரு செட் துணியும் சாக்ஸும் ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைங்க. எவ்வளவு நனைஞ்சாலும் அந்தத் துணியைப் பகல்ல எடுக்கக் கூடாது, இதுல பிடிவாதமா இருங்க. தொடை உரசற இடத்துல காலையிலேயே வாசலின் தடவிடணும், ஈரத்துணி ரெண்டு மணி நேரத்துல தோலை உரிச்சுடும்.

மாதவிலக்கு நாள்னா, ஈரத்துணியில நாப்கின் சீக்கிரம் ஊறிடும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாத்தணும். வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு எடுத்துக்கணும், உள்ளாடையும் கூடுதலா. மாதவிலக்குக் கப் பழகினவங்களுக்கு மழையில அதுதான் வசதி, ஆனா முதல் தரம் முகாம்ல முயற்சி பண்ண வேண்டாம். பயன்படுத்தினதைக் காகிதத்துல சுத்தி, மூடியுள்ள வாளியில போட்டு, ஊருக்குத் திரும்பக் கொண்டு வந்துடுங்க.

பெரிய பிரச்சனை கழிப்பறை. மழையில போகச் சங்கடப்பட்டுப் பெண்கள் தண்ணி குடிக்கறதையே நிறுத்திடுவாங்க. சாயங்காலம் தலைவலி, மறுநாள் நீர்க்கடுப்பு. அதனால மறைப்புக்கு மேல கூரை கட்டாயம் போடுங்க. ஓடையிலேர்ந்து 60 மீட்டர் தள்ளி மேட்டுல குழி, சுத்தி மண் வரப்பு. இல்லேன்னா குழி நிரம்பி வழியும். சாம்பல் மூடின டப்பாவுல, விளக்கு ஒண்ணு தொங்கணும், ராத்திரி ரெண்டு ரெண்டு பேரா போகணும்.

15 பேருக்குச் சுக்குமல்லி: தண்ணி இரண்டரை லிட்டர், சுக்கு 25 கிராம், தனியா 50 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், கருப்பட்டி 200 கிராம். வீட்டுலயே இடிச்சு எடுத்துட்டுப் போங்க. யாராவது விடாம நடுங்கினா, பேச்சு குழறினா, கால் தடுமாறினா முதல்ல ஈரத்துணியை மாத்தணும், அப்புறம்தான் கம்பளியும் சூடான பானமும்.

காட்பாடி கலை:
ரொம்ப நன்றி. 61 வயசு அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, இன்சுலின் போடறாங்க. அவங்களை வைச்சுக்கிட்டு பகல் நிகழ்ச்சியை எப்படி அமைக்கறது? சனிக்கிழமை காவலூர் வானாய்வகத்துக்குப் போற திட்டமும் இருந்தது.

சுக்குமல்லி:
நடுக்கம், வியர்வை, குழப்பம் சர்க்கரை இறங்கினாலும் வரும். அவங்களுக்கு உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க, பார்க்க முடியலேன்னா, முழுங்கற நிலையில இருந்தா, சர்க்கரைத் தண்ணி கொடுத்துடுங்க. மழையால சமையல் தாமதமாகும், அவங்க சாப்பாடு மட்டும் தாமதமாகக் கூடாது. வெறுங்காலோட விடாதீங்க, ராத்திரி பாதத்தைத் துடைச்சு விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில ராத்திரி டாக்டரும் பாம்புக்கடி மருந்தும் இருக்குன்னு முன்கூட்டியே கேட்டு வைங்க.

மலையேறி:
மேகம் இருந்தா காவலூர்ல தொலைநோக்கி வழியா பார்க்க முடியாது, அதை நம்பித் திட்டம் போடாதீங்க. தூறல்ல 45 நிமிஷ நடை போதும், வழுக்குப் பாறையை விட்டு வண்டிப் பாதையில. அப்புறம் தார்ப்பாய்க்கு அடியில 20 நிமிஷம் பேச்சில்லாம உட்கார வைங்க. பலா இலையில விழற சத்தம் வேற, ஓட்டுல விழறது வேற, பாறையில வேற. ஒவ்வொருத்தரும் கேட்டதைச் சொல்லட்டும். இருட்டினதும் தவளைச் சத்தம் எத்தனை வகைன்னு எண்ணச் சொல்லுங்க. அந்த அம்மாவும் இதுல முழுசா கலந்துக்கலாம். ராத்திரி ஷூவுக்குள்ள செய்தித்தாள் திணிச்சு வைங்க, காலையில உதறிப் பார்த்துட்டுப் போடணும், மழைக்குத் தேள் ஒதுங்கும்.