புதுப்பிப்பு: நாராகிப்போன செலரி

இரண்டு மாதம் முன்பு, கோத்தகிரித் தோட்டத்துச் செலரி நாரும் கசப்புமாக இருக்கிறதே, உரம் போதவில்லையா என்று கேட்டிருந்தேன். உரம் இல்லை, தண்ணீர்தான் சிக்கல். வாரம் இரண்டு முறை வயிறு முட்டப் பாய்ச்சிவிட்டு நடுவில் காயவிட்டேன். செலரி சதுப்பு நிலத்துச் செடி. வேரில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே நின்றுவிடும்.

நடுக்குருத்து கருகியதும் இதனால்தான். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், ஈரம் விட்டுவிட்டு வந்தால் இளங்குருத்துவரை போய்ச் சேராது. பூஞ்சாணம் என்று நினைத்து மருந்து வேறு அடித்தேன், காசுக்குக் கேடு.

இப்போது சொட்டுநீர்க் குழாயில் தினமும் காலையில் கொஞ்சம், மேலே காய்ந்த புல் மூடாக்கு. உள்ளிருந்து வரும் புதுத் தண்டு சடக்கென்று முறிகிறது. பழைய வெளித்தண்டுகள் தேறவில்லை. சரி, சூப்புக்கு ஆச்சு.