எம்.எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற நரம்பு வருத்தம் வந்த பிறகு சிகரட்டை விட்டுப் பயன் உண்டா?

களுவாஞ்சிக்குடி தங்கை:
என் கணவருக்கு 33 வயது, ஓட்டோ ஓட்டுகிறார். போன வருடம் ஒரு கண் மங்கி, பிறகு கால் விறைத்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் எம்.எஸ் என்றார்கள். மருந்து ஒழுங்காக எடுக்கிறார். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு, பத்து சிகரட். கேட்டால், "சிகரட் நெஞ்சுக்குத்தான் கூடாது. எனக்கு வருத்தம் நரம்பில. வந்தது வந்துட்டு, இனி விட்டு என்ன?" என்கிறார். அவர் சொல்வது சரியா? சண்டை பிடிக்காமல் என்ன சொல்லலாம்?

சம்மாந்துறை வயற்காரன்:
தங்கச்சி, எனக்கும் எம்.எஸ்தான். வரம்பில் நடக்கும்போது இடது கால் இழுபட்டுத்தான் எனக்குத் தெரியவந்தது. உங்கள் கணவர் சொல்வதையே நானும் இரண்டு வருடம் சொன்னேன். அது பிழை.

நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே நரம்பின் மேலுறையை அரிப்பதுதான் இந்த வருத்தம். புகை நுரையீரலை உறுத்தும்போது அந்த அணுக்கள் அங்கே தூண்டப்பட்டு, பிறகு மூளைக்குப் போய்த் தாக்குகின்றன என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நெஞ்சு வேறு, நரம்பு வேறு என்று பிரிக்க முடியாது.

"இனி விட்டு என்ன" என்றாரே, அதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. சுவீடனில் எம்.எஸ் வந்த பிறகும் புகைத்தவர்களைப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருத்தம் வந்து வந்து போகும் கட்டம் முடிந்து, விடாமல் மோசமாகிக்கொண்டே போகும் கட்டம் ஒன்று இருக்கிறது. வருத்தம் தெரிந்த பிறகு புகைத்த ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டத்தை ஏறக்குறைய 4.7 சதவீதம் விரைவாக்கியது. அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில், தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 48 வயதில் போனார்கள், விட்டவர்கள் 56இல். சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எட்டு வருடம்!

நான் விட்டது ஒரு நோன்பு மாதத்தில். டாக்டரிடம் கேட்டுத்தான் நோன்பு பிடித்தேன். பகல் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்த கையோடு இரண்டு பற்றவைப்பேன். 11ஆம் நோன்பன்று அந்த இரண்டையும் விட்டேன். பிளேன்டீ குடித்தவுடன் வரும் ஆசைதான் பொல்லாதது. வாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொள்வேன், பத்து நிமிடத்தில் அது போய்விடும். கால் பழையபடி திரும்பவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் இன்றும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன்.

ஆரையம்பதி:
சிகரட்டுக்குப் பதிலாக வெத்திலையோடு பொயிலை போடலாமா? எங்கள் மாமா அப்படித்தான் மாறினார்.

ஓய்வுபெற்ற நேர்ஸ், மட்டக்களப்பு:
வேண்டாம் மகன். பொயிலை போட்டு வாய்ப்புற்றுநோய் வந்தவர்களை நான் வார்டில் நிறையப் பார்த்தவள். வாயில் வைக்கும் 'ஸ்னஸ்' என்ற பொயிலைத்தூள் எம்.எஸ் வரும் ஆபத்தைக் கூட்டவில்லை என்று சுவீடனில் கண்டது உண்மை. அதனால்தான் நிக்கோட்டினைவிடப் புகையைச் சந்தேகிக்கிறார்கள். அதற்காகப் பொயிலை நல்லது என்று ஆகிவிடாது. விடவே முடியாதவர்கள் நிக்கோட்டின் சுவிங்கம், ஒட்டும் பட்டை பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

தங்கச்சிக்கு ஒன்று: வீட்டுக்குள் புகைக்க விடாதீர்கள். மற்றவர் விடும் புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் எம்.எஸ் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. இன்னொன்று, புகைப்பவர்களின் உடம்பில் இன்டர்ஃபெரான் போன்ற சில எம்.எஸ் மருந்துகளை முறிக்கும் எதிர்ப்பொருள் அதிகமாக உருவாகிறது. இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் மருந்து வீணாகலாமா?

களுவாஞ்சிக்குடி தங்கை:
நானா, அம்மா, இரண்டு பேருக்கும் நன்றி. இரவு எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 48, 56 என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். மகளுக்கு இப்போது நான்கு வயது. 48 என்றால் அவளுக்கு 19, 56 என்றால் 27 என்று அவரே கணக்குப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. காலையில் ஓட்டோவில் ஒரு சரை கராம்பு வைத்துவிட்டேன், அவர் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை.