அம்பாசடர் மார்க் 2 வயரிங்: இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறது, ஸ்டியரிங் திருப்பினால் ஹார்ன் அடிக்கிறது

குறுக்குத்துறை மார்க் டூ:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மாமாவிடமிருந்து வந்த 1973 அம்பாசடர், மார்க் 2, பேட்டரியை சார்ஜ் செய்வது இன்னும் பழைய டைனமோதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது, சீட் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்கியது. இன்ஜின், பிரேக், டேங்க் எல்லாம் சரி பண்ணி இப்போது வண்டி ஓடுகிறது. வயரிங்தான் உயிரை வாங்குகிறது.

பிரேக்கை மிதித்தால் பின்னால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு பெட்ரோல் முள் ஆடுகிறது. இடப்பக்கம் முழுசாக ஸ்டியரிங் திருப்பினால் ஹார்ன் அடிக்கிறது, டவுனில் ரதவீதி திருப்பத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஹெட்லைட் இருக்கிறது என்று பேர், அவ்வளவுதான்.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். எஃப்எம் செட், மஞ்சள் லைட், குட்டி ஃபேன், ரிவர்ஸ் மியூசிக் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் இழுத்த வயர், அதில் முக்கால்வாசி ஒரே சிவப்பு. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், எங்கும் போகாமல் தொங்கும் முனைகள். ஃபியூஸ் கண்ணாடிக்கு மேலே செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. காட்டிய இடத்தில் "எல்லாத்தையும் உருவி எறிஞ்சுட்டு புதுசா இழுத்துரலாம், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. நானே உட்கார்ந்து பிரித்து எடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்க?

பேட்டை வயர்மேன்:

உருவ வேண்டாம். உருவிவிட்டால் எது எங்கே போனது என்று சொல்ல வண்டியில் ஒன்றும் மிச்சமிருக்காது, அப்புறம் இழுப்பவர் இஷ்டம்தான்.

முதல் காரியம், பேட்டரியின் எந்த முனை பாடியில் போல்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி இது, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்த முனை. பிற்பாடு பலர் மாற்றியிருப்பார்கள், சிலர் பாதி மட்டும் மாற்றியிருப்பார்கள். இது தெரியாமல் அந்த எஃப்எம் செட்டுக்கு கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். பார்த்த கையோடு பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தச் செம்புக் கம்பியைத் தூக்கி எறியுங்கள்.

அடுத்து ஒரு சின்ன உபாயம். 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, பேட்டரியின் லைவ் முனைக்கும் வண்டிக்குப் போகும் கேபிளுக்கும் நடுவில் மாட்டுங்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் இரண்டு ஆம்புக்கு மேல் போகாது, பல்பு எரியுமே தவிர வயர் எரியாது. எல்லா சுவிட்சும் ஆஃபில் இருக்கும்போது பல்பு அணைந்திருக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது அணைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. அந்த பல்பு இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், சுற்றாது.

இனி கலர். லூகாஸ் என்பது பிரிட்டிஷ் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் சாமான் செய்த கம்பெனி. அந்த லூகாஸ் முறையில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் இல்லாமல் வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, அதே சாவிக் கரண்ட் ஃபியூஸ் தாண்டி வருவது. ஊதா, எப்போதும் உயிரோடு இருக்கும் ஃபியூஸ் லைன், ஹார்ன் இதில் வரும். நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு இருந்தால் பிரைட், சிவப்புக் கோடு என்றால் டிம். முழுச் சிவப்பு பார்க் லைட், டெயில் லைட். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. கறுப்பு எர்த். அம்பது வருஷ அழுக்கில் பழுப்பும் ஊதாவும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும், வெளியே பார்த்து முடிவு கட்டாதீர்கள். துணி டேப்பை இரண்டு இஞ்ச் பிரித்து உள்ளே பாருங்கள், வெயில் படாத இடத்தில் கலர் அப்படியே நிற்கும். யாரும் கை வைக்காத ஓர் இடத்தில் இந்த முறை உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு அப்புறம் நம்புங்கள்.

இந்த முறையில் சேராத வயரெல்லாம் பிறகு வந்த விருந்தாளிகள். அவற்றை மட்டும், ஒவ்வொன்றாக, இரண்டு முனையும் கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள். வெட்டுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி போனில் ஒரு படம். பாதி வெட்டி உள்ளே தள்ளுவது கோட்டிக்காரத்தனம், தொங்கும் முனை என்றைக்காவது பாடியைத் தொடும்.

நீங்கள் சொல்லும் நோவில் பாதி எர்த்தில்தான் இருக்கும். பிரேக் விளக்குக்கு பாடிக்குத் திரும்ப வழியில்லை என்றால், அதே லைட் பெட்டிக்குள் இருக்கும் இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு வேறு எங்காவது எர்த் தேடும், அதுதான் அந்த மங்கல் வெளிச்சம். பெட்ரோல் முள்ளும் அதே சங்கதி. டேங்கில் உள்ள யூனிட்டும் பின் லைட்டும் ஒரே துருப்பிடித்த இடத்தில் எர்த் ஆகியிருந்தால் லைட் எரியும்போதெல்லாம் முள் ஆடத்தான் செய்யும். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் போஸ்டிலும் மற்றதை லைட்டின் உலோகக் கூட்டிலும் வையுங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஹார்ன் விஷயம், இந்த வண்டியில் பட்டன் எர்த்தைத்தான் கொடுக்கும். ஹார்னிலிருந்து பட்டனுக்கு வரும் வயர் எங்கே தொலி உரிந்து உலோகத்தைத் தொட்டாலும் ஹார்ன் அடிக்கும். ஸ்டியரிங் பைப்பின் கீழ் முனையைப் பாருங்கள்.

கல்லிடை பியட்:

வயர்மேன் அண்ணாச்சி சொன்னதில் தேடும் முறையெல்லாம் சரி, ஆனால் பழைய வயரையே வைத்துக்கொள்ளச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இது வெறும் பழைய வண்டி இல்லை, வெள்ளத்தில் முங்கிய வண்டி. தண்ணீர் முனை வழியாக உள்ளே ஏறி, தொலிக்கு அடியில் செம்பு கறுத்துப் போயிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, மீட்டரில் கன்டினியூட்டி (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்தாலும் பீப் சத்தம் வரும், லோடு கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒரு முனையை அரை இஞ்ச் உரித்துப் பாருங்கள். செம்பு செம்பாகவே இருந்தால் சரி. கறுப்பாக இருந்தால் பளபளப்பு வரும் வரைக்கும் வெட்டிக்கொண்டே போக வேண்டும், ஈயம் ஒட்டவே ஒட்டாது.

என் பத்மினிக்கு (அது ஃபியட் வழி வண்டி) நான் செய்தது, பழைய வயரிங் செட்டை உருவாமல் முழுசாக, உருவம் கலையாமல் கழற்றி, பிளைவுட் மேல் விரித்து, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடித்து, அதன் மேலேயே புது வயரை ஒவ்வொன்றாக ஓட்டினேன். நீளமும் கிளையும் அச்சுப் பிசகாமல் வரும். உருவி எறிந்துவிட்டு இழுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று மட்டும், ஃபியட் வண்டியின் கலர் முறை வேறு, பத்மினி படத்தை வைத்துக்கொண்டு அம்பாசடரில் தேடாதீர்கள், அதேபோல் மறுபுறமும்.

வீட்டு வயரிங் பண்டலில் மிச்சமிருந்ததை மாட்டாதீர்கள். ஆட்டோ வயர் என்று கேட்டு வாங்குங்கள், ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும். டெயில் லைட், இண்டிகேட்டருக்கு 1 ஸ்கொயர் எம்எம் போதும், ஹெட்லைட்டுக்கு 2.5. கலர் வயர் கிடைக்காவிட்டால் ஒரே கலரில் ஓட்டி முனையில் நம்பர் ஸ்லீவ் போடுங்கள். எல்லாம் சிவப்பு என்ற பாவத்தை மறுபடி செய்யாதீர்கள்.

பேட்டை வயர்மேன்:

கல்லிடைக்காரர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தரையில் கார்ப்பெட்டுக்கு அடியில் பின்னால் போகும் கட்டு, காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்ச் வயர், இந்த இரண்டும் வண்டலில் ஊறியிருக்கும், அதைப் புதுசாகப் போடுவது நல்லது. ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் மேலே தண்ணீர் படாத கட்டு நன்றாக இருந்தால் அதை எதற்குக் கழற்ற? புது வயரைவிடப் பழைய நல்ல வயர் மேல்.

ஜாயிண்டுக்கு ஈயம் வைப்பதா கிரிம்ப் செய்வதா (உலோக முனையை வயர் மேல் அமுக்கிப் பிடிக்க வைப்பதா) என்று அடுத்து ஒரு சண்டை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெறும் ஈயம் மட்டும் வைத்தால் அது வயருக்குள் ஏறி அந்த இடம் விறைத்துவிடும், அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில்தான் ஒடியும். நல்ல கிரிம்பிங் பிளையர் வைத்து அமுக்கி, மேலே ஹீட் ஷ்ரிங் ஸ்லீவ். சாதா கட்டிங் பிளையரால் கடிப்பது கிரிம்ப் இல்லை.

பழைய புல்லட் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் எமரித் தாளால் தேய்த்து கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் வாய் பிளந்திருந்தால் தூரப் போட்டுவிட்டுப் புதுசு.

குறுக்குத்துறை மார்க் டூ:

அண்ணாச்சி, கும்பிடு. நெகட்டிவ்தான் எர்த், பார்த்துவிட்டேன். பின் லைட் கூட்டில் 1.8 வோல்ட் காட்டியது! டிக்கிக்குள் பெயிண்டைச் சுரண்டி, பின் லைட் இரண்டுக்கும் டேங்க் யூனிட்டுக்கும் தனித்தனியாக கறுப்பு வயர் இழுத்து ஒரே போல்ட்டில் கட்டினேன். முள் நின்ற இடத்தில் நிற்கிறது, பிரேக் மிதித்தால் பிரேக் லைட் மட்டும் எரிகிறது. ஹார்ன் வயரும் சொன்ன இடத்தில்தான் நைந்து போயிருந்தது, யாரோ அதன் மேல் சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றி வைத்திருக்கிறார்கள், அதுவும் கிழிந்துவிட்டது.

விருந்தாளி வயரை எடுத்தால் ஒரு பை நிறைய வந்தது. அதில் ஒன்று இக்னிஷன் சுவிட்சின் வெள்ளையிலிருந்து கிளம்பி ஃபயர்வால் தாண்டி ரேடியேட்டர் பக்கம் போய் அங்கேயே முடிந்துவிடுகிறது, ஃபியூஸும் கிடையாது. இத்தனை வருஷம் வண்டி எரியாமல் இருந்தது நெல்லையப்பர் புண்ணியம்.

தரைக்கட்டைக் கழற்றி உரித்துப் பார்த்தேன், கல்லிடை அண்ணன் சொன்ன மாதிரி கரிக்கட்டை. அதைப் புதுசாகப் போடுகிறேன். ஃபியூஸுக்கு 35 ஆம்ப் என்று கடையில் பிளேடு ஃபியூஸ் கொடுத்தார்கள், அதைப் பெட்டியோடு மாற்றிவிடலாமா? ஹெட்லைட் இன்னும் மின்மினிதான், ரிலே போட்டால் சரியாகுமா?

அம்பை டைனமோ:

35 ஆம்ப் பிளேடு போடாதீர்கள். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருக்கும் 35 என்பது அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய அதில் பாதி, 17 ஆம்ப். பிளேடில் எழுதியிருப்பதோ தாங்கும் அளவு. பிளேடுக்கு மாறுவதானால் 15, கூடிப்போனால் 20.

ஹெட்லைட் இரண்டும் 60 வாட் என்றால் 10 ஆம்ப். அவ்வளவும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக வந்து, தரையில் சேற்றில் ஊறிய டிம்மர் வழியாகப் போய், அப்புறம் முன்னால் வருகிறது. வழியில் பத்து சதம் வோல்ட்டேஜ் விழுந்தால் வெளிச்சத்தில் முப்பது சதம் போய்விடும். ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச். அதில் நாலு கால், 30 என்ற காலுக்கு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு 2.5 வயர், 87 லைட்டுக்கு, 86க்கு டிம்மரிலிருந்து வரும் பழைய வயர், 85 எர்த். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று, ஆக இரண்டு ரிலே. பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் இழுக்கும், சுவிட்சும் பிழைக்கும். ஹெட்லைட் கூட்டுக்கும் தனி எர்த் கொடுக்க மறக்காதீர்கள்.

அதற்காக 100 வாட் பல்பு வாங்கிவிடாதீர்கள். டைனமோ முழு வேகத்தில் ஓடினாலே சுமார் 20 ஆம்ப்தான் கொடுக்கும், ஐடிலில் சார்ஜே ஏறாது. ஹெட்லைட், வைப்பர், எஃப்எம் மூன்றும் போட்டுக்கொண்டு குற்றாலச் சாரலில் மெதுவாக ஊர்ந்தால் பேட்டரிதான் தின்னப்படும்.

குறுக்குத்துறை மார்க் டூ:

புரிந்தது. எல்இடி பல்பு போட்டால் லோடு குறையுமே, இண்டிகேட்டருக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா?

பேட்டை வயர்மேன்:

டெயில் லைட், மீட்டர் லைட்டுக்குப் போடலாம். இண்டிகேட்டரில் போட்டால் B, L, P என்று மூன்று கால் வைத்த அந்தப் பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் டப்பா) துடிக்காது, அது பல்பு இழுக்கும் கரண்டில் சூடாகித்தான் வேலை செய்யும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்றினால் ஓடும். முதலில் டிம்மர் சுவிட்சைக் கழற்றி வண்டலைத் தட்டுங்கள், அது தேறாவிட்டால் ரிலே போட்டும் பிரைட் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது.