மூட்டு வலிக்குப் பி.ஆர்.பி. ஊசி: சங்க நிதியிலிருந்து கொடுக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர்:
வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்கள் மாதாமாதம் பணம் போட்டு நடத்தும் மருத்துவ உதவி நிதிக்கு நான் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுதும் சம்மணமிட்டு உட்கார்ந்து பற்றவைப்பவர்கள் என்பதால், முழங்கால் வலி எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்தவர், நோயாளியின் இரத்தத்தையே எடுத்துக் கருவியில் சுழற்றி, பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்தும் பி.ஆர்.பி. சிகிச்சையை எங்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார். ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் வலி குறைந்ததாக அவர் தந்த வழவழப்பான கையேட்டில் வரைபடம் இருக்கிறது. கருவிக்கு அரசு அனுமதியும் உண்டு என்கிறார். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா? ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பிரசவத்துக்கும், டயாலிசிஸுக்குப் போய்வரும் செலவுக்கும் இதே பணம்தான்.

புள்ளியியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி:
ஐயா, அனுமதி வேறு, ஆதாரம் வேறு. கருவி பாதுகாப்பானது, இரத்தத்தைச் சொன்னபடி பிரிக்கிறது என்பதற்குத்தான் அனுமதி. வலி குறைகிறதா, இப்போது செய்துவருவதைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைகிறது என்பதே பணம் கொடுப்பவர் கேட்க வேண்டியது.

கையேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை என்பதுதான் பெரிய குறை. வலி உச்சத்துக்குப் போன பிறகுதான் ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார். முழங்கால் வலியோ ஏறி இறங்கும் தன்மையுடையது. ஆகவே மூன்று மாதம் கழித்துக் கேட்டால், எந்த ஊசியும் போடாதவர்கூட 'இப்போது பரவாயில்லை' என்று சொல்லக்கூடும். கூடவே விழுங்கிய மாத்திரையின் பலனும், ஊசியின்மேல் வைத்த நம்பிக்கையும் அதில் கலந்திருக்கும். குணமாகாமல் வேறிடம் போய்விட்டவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. தமக்கு எது போடப்பட்டது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து, 0 முதல் 10 வரையான வலி அளவில் பி.ஆர்.பி. பெற்றவர்களுக்குச் சராசரியாக 2.1 புள்ளியும் உப்பு நீர் பெற்றவர்களுக்கு 1.8 புள்ளியும் குறைந்திருந்தன. அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். குருத்தெலும்பின் தேய்மானத்திலும் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உப்பு நீர்க்காரர்களை மட்டும் வரைபடமாக்கி அச்சடித்திருந்தால், அதுவும் உங்கள் கையிலிருப்பதைப் போன்ற அழகான கையேடாகவே இருந்திருக்கும்!

இத்தகைய ஆய்வைக் கண்டு பணம் தருவோர் முடிவை மாற்றியதும் உண்டு. தேய்மானம் கண்ட முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையோடு ஒப்பிட்டு, 180 பேரை வைத்து ஹூஸ்டனில் நடத்திய ஆய்வு 2002-இல் வந்தது; போலியைவிட அசல் மேலாக இல்லை. மூட்டுத் தேய்மானத்துக்காக மட்டும் அப்படிக் கழுவுவதற்குப் பணம் தருவதில்லை என்று அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2004-இல் விதியாக்கியது. நம் நாட்டிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் தரப்படுத்திய விலக்குகளில், அதாவது காப்பீடு பணம் தராத இனங்களில், 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்பது ஒன்று.

சூரமங்கலத்துக்காரன்:
என் தாயாருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊசி போட்டோம். இன்று கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறார். ஒரே ஆய்வை வைத்து ஒதுக்கிவிடுவது நியாயமா? ஒவ்வொரு கருவியும் பிளேட்லெட்டை ஒரே அளவுக்குச் செறிவூட்டுவதில்லை. செறிவு கூடினால் பலன் கூடும் என்று வாதிடும் மருத்துவர்களும், சாதகமான முடிவு வந்த சிறிய ஆய்வுகளும் இருக்கத்தான் செய்கின்றன.

புள்ளியியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி:
அம்மா நலமாக நடப்பதில் மகிழ்ச்சி. ஆனால், ஊசி போடாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்பதை நீங்களும் நானும் பார்க்க முடியாது. கருவிக்குக் கருவி பலன் மாறும் என்றால், விற்க வந்தவர் தம்முடைய கருவியைக் கொண்டே நடத்திய ஒப்பீட்டு ஆய்வைக் காட்டட்டும். வேறொன்றின் நற்பெயரை இரவல் வாங்கக் கூடாது.

ஏற்காட்டுச் செவிலியர்:
எதை அளந்தார்கள் என்பதையும் பாருங்கள், ஐயா. இங்கே காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் என்னிடம் வலிக்கு எத்தனை புள்ளி என்று சொல்வதில்லை. மூட்டையோடு சரிவில் இறங்க முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் பட்டறைக்காரருக்குச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதே கேள்வியாக இருக்கும். மூன்று ஊசி என்றால் எங்கள் ஆட்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளை மூன்று முறை இறங்கி ஏற வேண்டும், மூன்று நாள் கூலியும் போகும். அந்தச் செலவு எந்தக் கையேட்டிலும் இராது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரு கிலோ ராகியைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டி, காப்பி உலர்த்தும் களத்துத் திண்ணையில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டி மடக்கச் சொல்லித் தருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்குப் பட்டியலில் சேர்ப்பதில்லை, அதே கருவியை உப்பு நீரோடு ஒப்பிட்ட ஆய்வு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்று கூட்டத்துக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். மருத்துவமனையிலிருந்து வந்தவரிடம் தொலைபேசியில் அந்த ஆய்வைக் கேட்டேன். புதுக் கையேடு அனுப்புவதாகச் சொன்னார். செவிலியர் அம்மா, அந்த ராகிப் பையை ஒரு நாளைக்கு எத்தனை முறை கட்டிக்கொண்டு செய்ய வேண்டும்?